சாவி வளையத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு

1

புதிதாக வாங்கிய பொருளைப் பற்றி முதல் வாரத்தில் எழுதுவதற்கென்றே ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. பெட்டியின் கனம், உள்ளே உறை இருக்கிறதா இல்லையா, கத்தியைத் திறக்கும்போது வரும் 'க்ளிக்' சத்தம், கைப்பிடியின் வழவழப்பு, கடைசியில் 'கொடுத்த காசுக்கு வொர்த்'. நம் புத்தக விமர்சனங்களிலும் இதன் சொந்தக்காரர்கள் உண்டு. அட்டை அருமை, தாள் தரம், எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை, பிழைகள் குறைவு என்று நான்கு பத்தி போகும். நாவல் எதைப் பற்றியது என்பது மட்டும் கடைசிவரை வராது.

கடந்த சில மாதங்களில் மூன்று கருவிகள் வாங்கினேன். விக்டரினாக்ஸ் ஸ்பார்ட்டன், லெதர்மேன் வேவ் பிளஸ், ஓப்பினெல் எட்டாம் எண். முதல் இரண்டும் மல்டிடூல்கள், அதாவது பாக்கெட்டில் அடங்கும் பல்கருவிகள். மூன்றாவது வெறும் மடக்குக் கத்தி, ஒப்பிடுவதற்காக வாங்கியது. புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சுக் கத்தியை விட்டுவிட மனசு வரலைங்கறதும் ஒரு காரணம்.

வாங்கியதும் நானும் எல்லோரையும் போலத் திறந்து மூடி 'க்ளிக்' கேட்டேன். நல்ல சத்தம்தான். ஆனால் அதற்கப்புறம் ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. எந்தக் கருவியும் ஒரு சங்கடத்தைக் கற்பனை செய்துதான் பிறக்கிறது. அந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளையும் சேர்த்தே கற்பனை செய்கிறது. அந்த ஆள் யார்? அவர் நம்ம ஊர்ல இருக்காரா? கருவியை விமர்சிப்பது என்றால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஒரு நாவலை 'இது யாரை வாசகனாக நினைத்து எழுதப்பட்டது' என்று கேட்பது போல.

2

சிவப்பு நிற ஸ்பார்ட்டனிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் வம்சம் 1891-இல் தொடங்குகிறது. சுவிஸ் ராணுவம் அப்போது 1889 மாடல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கிக்கு மாறியிருந்தது. அதைக் கழற்றித் துடைக்கச் சிப்பாய்க்கு ஒரு திருப்புளி வேண்டும். டின்னில் அடைத்த சாப்பாட்டைத் திறக்க ஒன்று வேண்டும். ஒரு கத்தி, ஒரு துளைப்பான், ஒரு டின் திறப்பான், ஒரு திருப்புளி. அவ்வளவுதான் முதல் சிப்பாய்க் கத்தி. 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்ட கார்ல் எல்செனர் இந்த ஆர்டரைத் தன் நாட்டுக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். 1897-இல் அவர் பதிவு செய்தது இன்னொரு கத்தி. அதில் ஒரு சின்னக் கத்தியும், கார்க் திருகியும் கூடுதலாக இருந்தன. பெயர், அதிகாரிகளின் கத்தி. ராணுவம் அதை அதிகாரபூர்வமாக வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள்.

சிப்பாய்க்கு டின் திறப்பான், அதிகாரிக்கு ஒயின் திறப்பான். ஒரு சமூகத்தின் அடுக்கு மொத்தமும் விரல் நீளத்தில் மடங்கிக் கிடக்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்க 'ஸ்விஸ் ஆர்மி கத்தி' என்று விற்பது பெரும்பாலும் அந்த அதிகாரிக் கத்தியின் வாரிசுகள்தான். என் ஸ்பார்ட்டனும் அதில் ஒன்று.

அதற்குப் பன்னிரண்டு செயல்பாடுகள் என்று போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கார்க் திருகி, டின் திறப்பான், அதன் நுனியே சின்னத் திருப்புளி, பாட்டில் திறப்பான், அதன் நுனியே பெரிய திருப்புளி, அதன் அடியில் ஒயர் சுரண்டும் பள்ளம், துளைப்பான், முள்வாங்கி, பல்குத்தி. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவது? சாவி வளையம். கருவியைக் கோத்து மாட்டுவதற்கான வளையமும் ஒரு கருவியாம்! இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் 'மொத்தம் எத்தனை' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலைமைக்கு ஒரு நல்ல பொருள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தலையணை நாவலின் பின்னட்டையில் பக்க எண்ணிக்கையைப் போடுவதும் இந்த வகைதான்.

சரி, எங்க வீட்டில் இது என்ன செய்தது? டின் திறப்பானுக்குப் பெரிய வேலை இல்லை. பாயசத்துக்கு வாங்குகிற பால் டின், வருஷத்துக்கு இரண்டு. கார்க் திருகிக்கு ஒயின் வேலையே வரவில்லை. பிரெஞ்சு ஊர், தெருவுக்குத் தெரு மதுக்கடை என்று வெளியூர் நண்பர்கள் கிண்டலடிக்கலாம். கடையில் நகர்வதெல்லாம் பீரும் திருகு மூடிக் குப்பிகளும்தான். ஆனால் மழையில் நனைந்து இறுகிப்போன கொடிக்கயிற்று முடிச்சுக்குள் அந்தத் திருகியின் கூர்முனையை விட்டு நெம்பினால் முடிச்சு சொன்னபடி கேட்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத வேலை இது. கருவியின் உண்மையான வாசிப்பு இங்கேதான் தொடங்குகிறது. செய்தவர் நினைக்காததை வைத்திருப்பவர் கண்டுபிடிக்கிற இடத்தில்.

பன்னிரண்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது முள்வாங்கி. கைப்பிடியின் ஓரத்தில் சாம்பல் நிறத் தலையோடு செருகியிருக்கும். அதற்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. பிறகு வருகிறேன்.

3

லெதர்மேனின் கற்பனை வேறு. 1975-இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியோடு ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கிலும் ஒரு பழைய ஃபியட் காரில் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. கையில் இருந்தது சாரணர் கத்தி. அதில் எல்லாம் இருந்தது, கட்டிங் பிளேயர் மட்டும் இல்லை. ஊர் திரும்பி வருஷக்கணக்கில் இழைத்து இழைத்து, பிளேயரை நடுவில் வைத்துக் கைப்பிடிக்குள் மற்றதையெல்லாம் மடக்கி ஒரு கருவி செய்தார். 1980-இல் காப்புரிமை, 1983-இல் விற்பனை. முதல் வருஷம் நான்காயிரம் போகும் என்று நினைத்தது, கிட்டத்தட்ட முப்பதாயிரம் போனது.

அந்தக் கருவி கற்பனை செய்கிற ஆளைப் பாருங்கள். அந்நிய தேசம், பாஷை தெரியாது, நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது, கூப்பிட ஆள் கிடையாது. தன் கையே தனக்கு உதவி. வேவ் பிளஸ்ஸின் பதினெட்டுக் கருவிகளும் இந்த ஒரு காட்சியிலிருந்து கிளைத்தவை. (இங்கேயும் கைப்பிடியில் பொறித்த அளவுகோலை ஒரு கருவியாக எண்ணியிருக்கிறார்கள்.)

மகாத்மா காந்தி வீதியில் வண்டி நின்றால் கதையே வேறு. நான்கு கட்டடம் தள்ளினால் ஒரு மெக்கானிக் கடை. என் ஸ்கூட்டரின் கண்ணாடி ஆட ஆரம்பித்ததும், புதுக் கருவி வைத்திருக்கிற ஆர்வத்தில், லெதர்மேனை எடுத்து நட்டைப் பிடித்தேன். பிளேயர் அறுகோண நட்டை முழுசாகப் பிடிக்காது. வழுக்கும், வழுக்குகிறபோது மூலையை மழுக்கும். இரண்டாவது திருகிலேயே தெரிந்ததால் நிறுத்திவிட்டுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைப் பையன் நட்டைத் தடவிப் பார்த்தார்.

"பிளேர் போட்டியாக்கா?"

பதில் சொல்லும் முன்பே பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அரைத் திருகில் முடித்துவிட்டார். காசும் வாங்கவில்லை. பதினெட்டுக் கருவிகளால் ஆகாதது ஒரு கருவியாலும், அதை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு கையாலும் ஆனது.

இதை வைத்து 'பல்கருவி என்பது தனிமனித மோகம், நம்மூர்ல எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க' என்று தீர்ப்பு எழுதிவிடலாம். நம் கட்டுரைகளில் அடிக்கடி வருகிற தீர்ப்பு இது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வில் பிடி உடைந்து, தண்ணீர் சுவரோரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தனியாக இருக்கிற பெண் அந்த நேரத்தில் பிளம்பரைக் கூப்பிடுவது என்றால் வெறும் ரிப்பேர் விஷயம் கிடையாது. யார் வருவார், கீழ்வீட்டில் யார் பார்ப்பார், நாளைக்கு யார் என்ன கேட்பார். லெதர்மேனின் மூக்கால் வால்வின் தண்டைக் கவ்வித் திருகினேன். நின்றுவிட்டது. போய்ப் படுத்துத் தூங்கினேன்.

'ஆள் இருக்காங்க' என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அது வசதி, சிலருக்கு அது கண்காணிப்பு. லெதர்மேன் கற்பனை செய்த அந்த நடுரோட்டு மனிதரிடம் எனக்குச் சொந்தம் தோன்றியது இந்த இடத்தில்தான். கூப்பிட ஆள் இல்லாத ஊர் அவருடையது, கூப்பிட யோசிக்க வேண்டிய ஊர் என்னுடையது.

ஆனால் அவர் என்னை நினைத்துச் செய்யவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். 241 கிராம். இதைப் போட என் குர்த்தியில் பாக்கெட் இல்லை. 'பாக்கெட் கருவி' என்ற சொல்லிலேயே யாருக்கு என்பது இருக்கிறது. கைப்பையில் போட்டால் அடிக்குப் போய்விடுகிறது. தேவைப்படும்போது துழாவ வேண்டிய கருவி, வீட்டு அலமாரியில் இருப்பதற்குச் சமம்.

4

ஓப்பினெல் எதையும் எண்ணிக் காட்டுவதில்லை. ஒரு மரக் கைப்பிடி, ஒரு கத்தி, ஒரு வளையம். 1890-இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் செய்த வடிவம், இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கத்தியைப் பூட்டும் வளையம் மட்டும் 1955-இல் சேர்ந்தது. எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று ஒரு விவசாயியின் மதியச் சாப்பாட்டைக் கற்பனை செய்கிற கத்தி.

அது மலைக்காற்றையும் சேர்த்துக் கற்பனை செய்திருக்கிறது. நான் வாங்கியது கார்பன் எஃகு. கூர் அபாரமாக நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். கடற்கரைச் சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற ஊர் இது. மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்த ஒரு ராத்திரியில் அலகு கறுத்து, நுனியில் செம்புள்ளி விழுந்தது. கைப்பிடி மரமும் மழைக்காலத்தில் ஊறி உப்பியது. கத்தி பள்ளத்திலிருந்து வெளியே வர மறுத்தது. முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இவை எதுவும் தெரிந்திருக்காது. கார்த்திகை மழை வந்து போகாத முதல் பார்வைக்கு இந்த ஊரில் பெரிய மதிப்பு இல்லை.

துருவைப் பார்த்துத் தூக்கிப் போடாததற்குக் காரணம், சைக்கிளில் சாணைக்கல்லோடு வருகிற பெரியவர். மூன்றையும் கொடுத்தேன். ஸ்பார்ட்டனைக் கல்லில் வைத்தபோது பொறி குறைவு. ஓப்பினெல்லை வைத்ததும் பொறி பூவாகச் சிதறியது.

"இது நல்ல இரும்புமா. மத்ததெல்லாம் சில்வரு."

எவர்சில்வரைத்தான் சில்வர் என்றார். கார்பன் அதிகமுள்ள எஃகு சாணையில் கிளைத்துச் சிதறும், துருப்பிடிக்காத எஃகு அடங்கி எரியும். தொழிற்சாலைத் தாளில் எண்ணாக இருப்பதை அவர் பொறியில் வாசித்தார். அலகு சூடேறினால் பதம் போய்விடும் என்று இரண்டு இழுப்புக்கு ஒருதரம் நிறுத்தி நீரில் தோய்த்தார். லெதர்மேனை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் பல்லுவெச்ச கத்தியைக் கல்லில் பிடிக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று கருவிகளைப் பற்றி நான் கேட்ட சிறந்த விமர்சனம் இது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

5

நமக்கு இப்படி ஒன்று இருந்ததா என்று கேட்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இருந்தது. அதிலும் ஒன்று எழுதுகிறவர்களுக்கானது.

மடக்கெழுத்தாணி. ஒரு கைப்பிடி, ஒரு பக்கம் ஓலையில் கீறி எழுதும் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வார்ந்து ஓரம் நறுக்கும் கத்தி. வேலை முடிந்ததும் மடக்கிக்கொள்ளலாம். மரத்திலும், கொம்பிலும், தந்தத்திலும், பித்தளையிலும் பிடி போட்டிருக்கிறார்கள். மொத்தம் இரண்டே கருவிகள். ஆனால் அந்த இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். தாளைத் தயாரிப்பதும் தாளில் எழுதுவதும். கடற்கரையோரம் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஓப்பினெல்லுக்கு வளையம் வந்த அதே 1955-இல் தொடங்கப்பட்டது. அதுவும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் காக்கிற சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏறக்குறைய பதினோராயிரம் சுவடிகள். அவற்றில் ஓலையாக இருக்கிற ஒவ்வொன்றும் இப்படி ஒரு கத்தியாலும் ஒரு கூர்முனையாலும் ஆனது. அந்த முனை எழுத்தையும் மாற்றியிருக்கிறது. பழைய தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். வாசிப்பவர்தான் மனசுக்குள் புள்ளி வைத்துப் படிக்க வேண்டும். கருவியின் குறை வாசகரின் பயிற்சியாக மாறிவிட்டது.

பெருமைப்பட்டுக்கொண்டு இத்தோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் அந்த ஓலை எங்கிருந்து வந்தது? பனைமரத்தின் உச்சியிலிருந்து. அங்கே ஏறியவரின் இடுப்பிலும் ஒரு கருவித்தொகுதி இருந்தது. அருவாப்பெட்டி. பாளையைச் சீவும் அரிவாள், பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பு, சுண்ணாம்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு சிட்டிகை வெள்ளைப் பசையில் வேதியியலும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. அரிவாள் அதேதான், பனையும் அதேதான். எல்லைக்கு இந்தப் பக்கம் அது தொழில், அந்தப் பக்கம் குற்றம்.

இரண்டு கருவிகளும் ஒரே மரத்தில் சந்திக்கின்றன. ஆனால் பனை ஏறியவரின் கையில் எழுத்தாணி பெரும்பாலும் வந்து சேரவில்லை. அதனால்தான் எழுத்தாணியின் வகைகளுக்குப் பெயரும் விளக்கமும் ஏட்டில் இருக்க, கடிப்பை இறுக்குகிற பக்குவம் கையிலிருந்து கைக்கு மட்டுமே போகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் விக்டரினாக்ஸின் ஸ்விஸ் சாம்பைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது, நியாயமான மரியாதை. அருவாப்பெட்டிக்கு நாம் எழுதிய முதல் பார்வை எங்கே?

முள்வாங்கிக்கு வருகிறேன். ஸ்பார்ட்டனில் செருகியிருப்பதன் பழைய சொந்தம், நம் தாத்தாக்களின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஒரு வளையத்தில் முள்வாங்கி, முள்ளைக் கிளறும் ஊசி, காது குடையும் குறும்பிவாங்கி. சாவி வளையத்தைத் தனியாக எண்ணாமல் மூன்று கருவிகள். அது கற்பனை செய்த ஆள், கருவேலங்காட்டு வழியில் செருப்பில்லாமல் நடக்கிறவர். சிலருக்குச் செருப்பு வாங்கக் காசில்லை, சிலருக்கு ஊர்த்தெருவில் செருப்புப் போட அனுமதியில்லை. அப்படி ஒரு காலுக்காகச் செய்த கருவி அது. பாக்கெட் இல்லாத உடம்புக்காகச் செய்ததும்கூட. சட்டையே தேவையில்லை, இடுப்பில் ஒரு கயிறு போதும்.

6

பாக்கெட் இல்லாத உடம்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வரும். வர வேண்டும்.

ஊக்கு. 1849-இல் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் ஒரு கடனை அடைக்க யோசித்துக் கண்டுபிடித்து, உரிமையை நானூறு டாலருக்கு விற்றுவிட்டார். ஒரே கம்பி. வளைவில் ஒரு சுருள், நுனிக்கு ஒரு மூடி. தமிழ்ப் பெண்கள் அதைத் தாலிக்கொடியிலும், வளையலிலும் கோத்துக்கொண்டார்கள். புடவை மடிப்பு, அறுந்த ஜாக்கெட் கொக்கி, பாவாடையில் நாடா கோப்பது, காலில் முள், அடுப்பு பர்னரின் அடைத்த ஓட்டை, அறுந்த செருப்பு வாரை வீடு போய்ச் சேரும்வரை பிடித்து வைப்பது. அப்புறம் நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து நீளும் கைக்கு ஒரு பதில். இதை எந்த நிறுவனமும் செயல்பாடுகளின் பட்டியலில் போடாது. ஆனால் அம்மாக்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஹன்ட் இவற்றில் எதையும் கற்பனை செய்திருக்க மாட்டார். பட்டியல் பிற்பாடு எழுதப்பட்டது, இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்காக ஊக்கைப் புகழ்ந்து மற்றதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. பெண்ணுக்கு ஊக்கே போதும் என்று சொல்கிறவர்களிடம், கேட் வால்வை ஊக்கால் திருகிக் காட்டச் சொல்வேன். நமக்குக் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தோம் என்பது சமாளித்தவர்களின் சாமர்த்தியம். கிடைக்காமல் செய்தவர்களுக்கு அதில் பெருமை கிடையாது.

ஆக, வாங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு இது. ஸ்பார்ட்டன் என் மேசை டிராயரில் இருக்கிறது, முடிச்சுக்கும் முள்ளுக்கும் பார்சல் பிரிக்கவும். ஓப்பினெல் சமையலறையில், ஒவ்வொரு தடவையும் துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி. துருப்பிடிக்காத எஃகில் அதே கத்தி கிடைக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் அதையே வாங்குங்கள். லெதர்மேன் கதவோரம் சாவி மாட்டும் ஆணியில், உறையோடு. தனியாக வாடகைக்கு வீடு எடுக்கப் போகிற தோழி யாராவது கேட்டால் மூன்றில் எதை முதலில் வாங்கச் சொல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லெதர்மேன்தான். விலை அதிகம் என்றால் பத்து அங்குலக் குழாய் ரிஞ்சும் ஒரு கட்டிங் பிளேயரும் போதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

கூடவே நாலு ஊக்கு. வளையலில்.